எண்பத்திரண்டரை கே.வி.ஏ.

தஞ்சாவூரில் ஜெனரேட்டர் விற்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. விற்பது வேறு ஆட்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு பெரியது, அதாவது எத்தனை கே.வி.ஏ., வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது நான். கல்யாண மண்டபம், அரிசி ஆலை, ஆஸ்பத்திரி, ஐஸ் பேக்டரி என்று எத்தனையோ போட்டாயிற்று. விளக்கும் மின்விசிறியும் சாதுவானவை, கூட்டிப் போட்டால் கணக்கு முடிந்தது. வில்லங்கம் எல்லாம் மோட்டாரில்தான்.

ஓடுகிற பஸ்ஸுக்கு டிரைவர் ஒருவர் போதும். நின்றுபோன பஸ்ஸை நகர்த்தப் பத்துப் பேர் இறங்கித் தள்ள வேண்டும். மோட்டாரும் அப்படித்தான். ஓடும்போது எழுபது ஆம்பியர் இழுக்கிற ஐம்பது எச்.பி. மோட்டார், கிளம்பும் அந்தச் சில விநாடிகளில் நானூற்றுச் சொச்சம் இழுக்கும். ஜெனரேட்டர் அந்த இழுப்பைத் தாங்க வேண்டும். தாங்காவிட்டால் புகை கக்கிவிட்டு நின்றுவிடும். இது தெரியாதவர்கள் மோட்டார் எத்தனை எச்.பி. என்று மட்டும் பார்த்துச் சின்னதாக வாங்கிவிடுவார்கள். அரைகுறையாகத் தெரிந்தவர்கள் எதற்கும் இருக்கட்டும் என்று யானை மாதிரி ஒன்றை வாங்கி வைப்பார்கள். அது சும்மா குறைந்த பாரத்தில் ஓடி ஓடி உள்ளே கரி பிடித்து நாசமாகும். இரண்டு கூட்டத்தையும் கண்டால் எனக்கு ஆகாது. சரியான அளவு என்று ஒன்று இருக்கிறது, அதைத்தான் நான் போடுவேன் என்று மீட்டிங்கில் வாயாடியிருக்கிறேன்.

எங்கள் ஊர் கீழ்வேளூர்ப் பக்கம். காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும், மழைத் தண்ணீர் கடைசியாக வெளியேறும் ஊர். ஐப்பசி, கார்த்திகையில் அடித்துப் பெய்தால் வடிகால் ஆறு கரை தொட்டு நிற்கும். கடல் எதிர்த்து நிற்பதால் ஆறு வடியாது, ஆறு வடியாததால் வயல் வடியாது. அப்போது வயல் தண்ணீரைப் பம்ப் வைத்துக் கரைக்கு மேலே ஏற்றி ஆற்றில் தள்ளினால்தான் உண்டு. அதற்காகவே ஊரில் ஒரு விவசாயக் குழுவும், ஆற்றங்கரையில் ஒரு கொட்டகையும், அதற்குள் ஐம்பது எச்.பி. மோட்டாரும் இருந்தன. கொட்டகைச் சாவி அப்பாவிடம் இருந்தது.

சாவி அவரிடம் இருந்ததைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பாவின் தகப்பனார் இதே ஊரில் பண்ணையாள். அப்பாவும் பதினைந்து வயது வரை பிறத்தியார் வயலில் குனிந்தவர்தான். பிறகு சிறுகச் சிறுகச் சேர்த்து ஐந்து மா நிலம், ஒன்றரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல், வாங்கினார். எங்களைப் போன்ற வீடுகளுக்கு விற்பனைக்கு வந்ததெல்லாம் பள்ளத்து வயல்தான். தண்ணீர் முதலில் ஏறி, கடைசியில் இறங்கும் இடம். மோட்டார் வந்தபோது அதை ஓட்ட ஒரு பொறுப்பான ஆள் வேண்டும் என்றார்கள். மழையில் நனையவும் சேற்றில் நிற்கவும் வேறு யாரும் முன்வராததால் வேலை அப்பாவுக்கு வந்தது. பதினெட்டு வருடம் பார்த்தார். எந்த வாய்க்கால் முதலில் வடிய வேண்டும், எந்த மடையை எப்போது அடைக்க வேண்டும் என்று மழைக்காலத்தில் ஊரே அவர் வாயைப் பார்க்கும். ஒரு காலத்தில் வரப்பில் நின்றபடி அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட வீட்டுக்காரர்கள் கொட்டகை வாசலுக்கு வந்து, "எப்ப எறைப்பீங்க?" என்று கேட்டார்கள். அதைப் பற்றி அவர் பெருமை பேசியதே கிடையாது. ஆனால் ஒவ்வொரு வருடமும் கொட்டகையைத் திறக்கிற முதல் நாள் முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போவார். ஐந்து நிமிடத்தில் கிரீஸ் ஆகப்போகிற சட்டை. அம்மா இருந்தவரை அதற்காகத் திட்டுவாள்.

மழையோடு காற்றும் சேர்ந்தால் மின்வாரியம் முதலில் கரண்ட்டை நிறுத்திவிடும். தண்ணீர் இறைக்க வேண்டிய நேரம் பார்த்து மோட்டார் ஊமையாகிவிடும். இரண்டு வருடம் அப்படி அவதிப்பட்ட பிறகு குழு ஒரு ஜெனரேட்டர் வாங்கத் தீர்மானித்தது. கணக்குப் போட வெளியில் ஆள் தேட வேண்டியதில்லை என்று கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். நம்ம மோட்டார்காரர் பெண்ணே இன்ஜினியர்தானே.

அப்பா எனக்குப் போன் செய்தார். "எப்பம்மா வந்து பாக்குற?"

"போட்டோ எடுத்து அனுப்புங்கப்பா, போதும்."

மோட்டாரில் அடித்திருக்கிற தகட்டையும், ஸ்டார்ட்டர் பெட்டியின் உள்பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். பெட்டியில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தது. மோட்டார் கிளம்பும்போது முழு வோல்டேஜையும் காட்டாமல் முதலில் ஸ்டாரில் கொஞ்சமாகக் கொடுத்து, வேகம் பிடித்த பிறகு டெல்டாவில் முழுவதையும் கொடுக்கும் ஸ்டார்ட்டர் அது. அதற்கு நேரம் பார்த்து மாற்ற உள்ளே ஒரு டைமர் உண்டு. அது இருந்தால் கிளம்புகிற இழுப்பு மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும். நானூற்றுச் சொச்சம் இல்லை, நூற்று நாற்பதுதான். கணக்கு நேராக வந்தது. எண்பத்திரண்டரை கே.வி.ஏ.

குழுத் தலைவர் கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய பண்ணை வீட்டுக்காரர். எதற்கும் நூற்றறுபதாக வாங்கிவிடலாமே என்று போனில் இழுத்தார். அகலக்கால் வைக்க வேண்டாம் சார் என்று அவருக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தேன்.

அப்பா மறுபடியும் கேட்டார். "ஒரு எட்டு வந்துட்டுப் போயேன் பாப்பா."

"நான் பார்க்காத மோட்டாராப்பா?" என்றேன்.

மூன்றாவது முறையும் கேட்டார். ஆடிட் இருக்கிறது என்றேன். எங்கள் படிவத்தில் 'தளம் நேரில் பார்வையிடப்பட்டது' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் அடித்தேன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு வந்து அந்தக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியவள் நான். நேரில் பார்த்தது என்பதற்கு அதற்கு மேல் என்ன வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

ஜெனரேட்டர் ஆனி மாதம் போய் இறங்கியது. எங்கள் டெக்னீஷியன்கள் இருவர் போய்ப் பொருத்தினார்கள். வாய்க்கால் காய்ந்து கிடந்தது. தண்ணீர் இல்லாமல் பம்ப்பை ஓட்டினால் உள்ளே தண்டைத் தாங்கும் புஷ் கருகிவிடும் என்பதால், கொட்டகை விளக்கைப் போட்டுப் பார்த்து, வோல்டேஜ் சரி என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் வந்த பிறகு மோட்டாரோடு ஒரு முறை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று கீழே ஒரு வரி இருந்தது. தண்ணீர் வந்தபோது யாருக்கும் அது நினைவில்லை. கரண்ட் இருந்தது, மோட்டார் ஓடியது.

கார்த்திகையில் புயல் வந்தது. நட்டு இருபத்தைந்து நாள் ஆன சம்பா பயிர். தொடர்ந்து மூன்று நாள் மழை, கரண்ட் இல்லை. பயிர் தலை தெரியாமல் முழுகி நான்கைந்து நாள் தாங்கும். அதற்குப் பிறகு அழுகல்தான். இரண்டாம் நாள் காலையிலேயே அப்பா ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"பாப்பா, ஜெனரேட்டர் ஏத்தலை. மோட்டாரப் போட்டா முக்கிட்டு நின்னுடுது. நாலு தடவ பாத்துட்டேன்."

"ஸ்டார்ல எடுத்து அப்புறம் டெல்டாவுக்கு மாறுதாப்பா? டைமர் சத்தம் கேக்குதா?"



"டைமரா? அது செத்து மூணு வருசம் ஆச்சேம்மா. அப்பவே டைரக்ட் பண்ணியாச்சே."

எங்கள் பக்கத்தில் இது சர்வ சாதாரணம். ஒரு பாகம் கெட்டால் அதைத் தாண்டி ஒயரைக் கொடுத்து ஓட்டிவிடுவார்கள். அதற்குப் பெயர் டைரக்ட் பண்ணுவது. கெட்டுப்போன டைமரைக் கழற்றக்கூட மாட்டார்கள், அது பாட்டுக்குப் பெட்டியில் கிடக்கும். அப்பா ஸ்பானர் எடுத்துக் கொடுக்க, கீழ்வேளூர் ஒயர்மேன் ஒருவர் மோட்டாரின் முனைகளில் பித்தளைப் பட்டை போட்டு நேரே இணைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது அவர் சிங்கப்பூரில். மின்வாரிய லைனில் அந்த முழு இழுப்பையும் ஊர் டிரான்ஸ்பார்மர் தாங்கிக்கொண்டது. மோட்டார் கிளம்பும்போது தெரு விளக்கெல்லாம் ஒரு நொடி மங்கும். மோட்டார் போட்டாச்சு என்று ஊரில் தெரிந்துகொள்வார்கள். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது நானும் அந்த மங்கலைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு டி.வி.யைப் பார்த்தேன். ஒழுங்கான ஸ்டார்-டெல்டாவில் விளக்கு அப்படி மங்காது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஊரில் இருந்தபோது நான் இன்ஜினியராக இல்லை, அவ்வளவுதான்.

எண்பத்திரண்டரை தாங்காது. நூற்றறுபது வேண்டும். தலைவர் வாய்க்கு வந்ததைச் சொன்ன அதே நூற்றறுபது.

போனை வைத்த பிறகு எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுப்பில் பால் பொங்கியது, அணைத்தேன். பயமோ வெட்கமோ வர வேண்டிய நேரம் என்று தெரிந்தது. வரவில்லை. எதையும் தொடாதீர்கள், நான் வருகிறேன் என்று அப்பாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டு டிபன் சாப்பிட்டேன். இட்லி எத்தனை என்று கூட நினைவிருக்கிறது. நான்கு.

வழியெல்லாம் மரம் விழுந்து கிடந்தது. ஒன்றரை மணி நேரப் பயணத்துக்கு ஒரு பகல் பிடித்தது. போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. ஈரக் கொட்டகைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு மோட்டார் முனைகளில் கை வைக்க நான் தயாராக இல்லை. மறுநாள் விடிந்ததும் இறங்கினேன். முழங்கால் தண்ணீரில் நின்று பித்தளைப் பட்டைகளைக் கழற்றி, ஆறு ஒயரையும் பழையபடி ஸ்டார்ட்டருக்குக் கொண்டு வந்தேன். புது டைமருக்கு எங்கே போவது? ஒரு கடையும் திறக்கவில்லை. எங்கள் வீட்டு மாடிப்படியில் கீழிருந்தும் மேலிருந்தும் விளக்குப் போட ஒரு இருவழி சுவிட்ச் இருந்தது. அதைக் கழற்றி எடுத்து வந்து டைமர் இருந்த இடத்தில் கட்டினேன். ஒரு பக்கம் தட்டினால் ஸ்டார், மறு பக்கம் தட்டினால் டெல்டா. டைமர் செய்கிற வேலையை ஆள் செய்ய வேண்டும்.

அப்பா சுவிட்ச்சில் கை வைத்து நின்றார். நான் ஜெனரேட்டர் மீட்டரைப் பார்த்து நின்றேன். மோட்டார் உறுமியது, முள் சரிந்தது, பிறகு மெல்ல ஏறியது. "இப்ப!" என்று கத்தினேன். தட்டினார். ஒரு உலுக்கல். அவ்வளவுதான், ஆற்றில் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. கரையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நம்ம ஊர் இன்ஜினியர் என்று ஒருவர் சொன்னார். அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மேட்டு வயல்கள் அன்று மாலையே தலை காட்டின. நடு வயல்கள் மறுநாள். பள்ளத்துப் பதினோரு வயல்கள் அதற்கும் மறுநாள் வெளியே வந்தபோது பயிர் மஞ்சளித்து அழுகி, தொட்டால் கையோடு வந்தது. அதில் எங்கள் ஐந்து மாவும் சேர்த்தி. இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கே மோட்டார் ஓடியிருந்தால் அவை பிழைத்திருக்கும். இந்தக் கணக்கும் சுலபமான கணக்குதான், ஊரில் எல்லாரும் போட்டுவிட்டார்கள்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை ஊராட்சிக் கட்டட வராந்தாவில் கூட்டம் போட்டார்கள். பள்ளத்து வயல்காரர்கள் கொதித்துப்போய் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் எங்கள் தெரு. தலைவர் கையில் நான் கொடுத்த படிவம் இருந்தது. அதை விரித்து, கண்ணாடியைச் சரி செய்துகொண்டு படித்தார்.

"தளம் நேரில் பார்வையிடப்பட்டதுன்னு போட்டுருக்கு. வந்து பார்த்திருந்தா டைரக்ட் பண்ணியிருக்கிறது தெரியாமலா போகும்? பார்க்காம எழுதியிருந்தா அது மோசடி. கம்பெனிக்கு எழுதிட வேண்டியதுதான்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. எழுதினால் என் வேலை போகும். வேறு எந்தக் கம்பெனியும் என் கையெழுத்தை நம்பாது. அதுவும் எனக்குத் தெரிந்தது. யாருக்கோ நடப்பது மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்பா எழுந்து நின்றார்.

"பாப்பா வந்துச்சுங்க. வந்து நல்லாத்தான் பார்த்துச்சு. அப்ப டைமர் சரியா இருந்துச்சு. அது போனப்புறம் நாந்தான் ஆளைக் கூட்டியாந்து டைரக்ட் பண்ணுனேன். இந்த ஆவணியில. அதுகிட்ட சொல்லணும்னு தோணல. தப்பு என் மேலதாங்க."

எங்கள் தெருக்காரர் ஒருவர், அப்பாவோடு சேர்ந்து நாற்று பறித்தவர், "ஏய்யா, உன்ன நம்பித்தானய்யா விட்டோம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

தலைவர் அப்பாவை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ சொல்லு. நேர்ல வந்து பார்த்தியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவ்வளவு பேருக்கு முன்னால் அப்பா நின்றுகொண்டே இருந்தார். என்னைப் பார்க்கவில்லை, எதிரே இருந்த கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தேன் சார்" என்றேன்.

படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு ஐந்து நிமிடம்தான் பேசினார்கள். அப்பா இடுப்புக் கயிற்றில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்தார். முடிச்சு நனைந்து இறுகியிருந்ததால் நேரமாயிற்று. யாரும் உதவவும் இல்லை, அவசரப்படுத்தவும் இல்லை. சாவியைத் தலைவரின் அண்ணன் மகன் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது, "ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"திருவாரூர்ப் பக்கம் நாத்து மிச்சம் இருக்குங்குறாங்க. நாளைக்கே போய்ப் பாக்கணும்" என்றார்.

மரத்துப்போன கால் ஊன்றும்போது வலிக்கும் என்பார்கள். நான் ஊன்றவே இல்லை. திங்கட்கிழமை ஆபீஸ் போனேன். நாகப்பட்டினம் ஐஸ் பேக்டரி ஒன்றுக்குக் கணக்குப் போட்டேன். அதற்குப் பிறகு எந்த இடத்தையும் நேரில் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. ரொம்பவும் கறாரான ஆள் என்று கம்பெனியில் பெயர். போன வருடம் பதவி உயர்வும் கொடுத்தார்கள்.

அப்பா ஊரில் இருந்தார். பயிர் போன மற்ற வீடுகளுக்கெல்லாம் தனித்தனியாகப் போய், டைமரை டைரக்ட் பண்ணியது தாந்தான், ஆவணியில் பண்ணியது, பெண்ணிடம் சொல்லவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறார். டீக்கடையில் கேட்டவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். கீழ்வேளூர்ச் சந்தையில் யாரோ விசாரித்தபோதும் அதையே சொன்னாராம். எத்தனை தடவை சொன்னாரோ தெரியாது. அவருக்கு எழுபத்திரண்டு வயது ஆகிறது, சில விஷயங்கள் முன்பின்னாகக் குழம்புகின்றன. அம்மா எந்த வருடம் போனாள் என்று என்னிடம் கேட்பார்.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவி வந்து என் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். ஏதோ சொல்லத் தயங்குகிறார் என்று தெரிந்தது. துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீ அன்னைக்கு அவ்வளவு தூரம் வந்து பார்த்து, சரியாக் கணக்குப் போட்டுக் குடுத்தே. நான் பாட்டுக்கு டைரக்ட் பண்ணிட்டு உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம இருந்துட்டேன். உன் பேரக் கெடுக்கப் பாத்தேனே பாப்பா. மனசுல வச்சுக்காத."

அவர் கண் கலங்கியிருந்தது. விளையாட்டில்லை. அவர் அதை நம்பினார்.

"பரவாயில்லைப்பா" என்றேன்.